கொம்பு முளைச்சவ

என்னக்கா, சொன்ன வெலைக்கே சரிங்கறீங்க? பாதியில இருந்து ஆரம்பிக்க வேணாமா? நான் இன்னும் கத்தக்கூட ஆரம்பிக்கல. சரி, உள்ள போய்ப் பாருங்க. இடது பக்கம் சாத்தி வச்சிருக்கிற கதவு, ஜன்னல் எல்லாம் ஒரே வீட்டை இடிச்சப்ப எடுத்தது. நல்ல மரம். நான் கூட வர முடியாது, எந்திரிக்கக் கூடாது. பிள்ளை முன்னாடியே இறங்கிடாம இருக்க கர்ப்பப்பை வாயில தையல் போட்டிருக்கு. எட்டாவது மாசம்.

அட, எதுக்கு இப்படி முழிக்கிறீங்க? இந்த மேசை மறைச்சுக்கிட்டு இருக்கு, அதான் உங்களுக்குத் தெரியல. உக்காருங்க. அந்த ஸ்டூல் ஒரு கால் ஆடும், பாத்து.

வீட்டுல படுத்துக்கலாமேன்னா? எந்த வீட்டுல? கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு, அதான் இப்ப என் வீடு. நான் படுத்தா கடையும் சேந்து படுத்துடும். பழைய பலகையில ஆணி பிடுங்கி, அந்த ஆணிய நிமித்தி, அதையும் வித்து மேல வந்தவக்கா நான். டாக்டரம்மா தூக்காதன்னாங்க, சரின்னேன். ஏறாத, குனியாதன்னாங்க, அதுக்கும் சரின்னேன். கத்தாதன்னாங்க. அது மட்டும் முடியாது, வேற கேளுங்கன்னுட்டேன்.

என்ன கோளாறுன்னு தாராளமா கேளுங்க, இதுல வெக்கமென்ன இருக்கு. கருப்பையோட வடிவம்தான். மத்தவங்களுக்கெல்லாம் கவுத்து வச்ச பேரிக்கா மாதிரி இருக்குமாம். எனக்கு மேல நடுவுல பள்ளம் விழுந்து, ரெண்டா பிரிஞ்சு, ரெண்டு கொம்பு மாதிரி நிக்குது. பிறவியிலயே அப்படித்தானாம். பிள்ளை அந்த ஒரு கொம்புக்குள்ள ஒண்டிக்கிட்டு இருக்கு. புரண்டு படுக்க இடமில்லாம, தலைய மேல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அதனால ஆபரேசன்தான். அதுவரைக்கும் உள்ள தங்கணும், எனக்கு வேற கவலையே கிடையாது. இதுக்கு முன்னாடி ரெண்டு தங்கல.

அந்த ரெண்டாவது போனப்பறம்தான் ஸ்கேன் எடுத்தாங்க. மாமியாக்காரியும் கூட வந்திருந்தா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து, இவளுக்கென்ன கொம்பா முளைச்சிருக்குன்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தவ. டாக்டரம்மா படத்தக் காட்டி, ஆமா, ரெண்டு கொம்பு இருக்குன்னுட்டாங்க. அன்னைக்கு அவ மூஞ்சியப் பாக்கணுமே! என்னமோ கேசு ஜெயிச்ச மாதிரி வெளிய வந்தா. வந்தவ சும்மா இருந்தாளா? தையல்காரிகிட்ட சொன்னா, இஸ்திரி போடறவன்கிட்ட சொன்னா. கொம்பு வச்ச கருப்பையில மனுசக் குழந்தை எப்படித் தங்கும்னு ஒரு கேள்வி வேற. மாடி வீட்டுக்காரி பாதிப் படி இறங்கி வந்து என் தலையப் பாத்துட்டுப் போனாக்கா. தலைய! இதுங்களுக்கெல்லாம் கழுத்துக்கு மேல ஒண்ணு எதுக்கு இருக்குன்னே தெரியல, சீவி முடிஞ்சுக்கறதுக்குத்தான் போல.

இப்படி இருக்கிறவங்க எத்தனையோ பேரு நல்லபடியா பெத்துட்டுப் போறாங்க, பல பேருக்கு இருக்குன்னே தெரியாதுன்னும் டாக்டரம்மா சொன்னாங்க. அத மட்டும் அவ காதுல வாங்கிக்கவே இல்ல.

வீட்டுக்காரனா? அவன் என்ன பண்ணான்னு நல்லா கேட்டீங்க. அவங்கம்மா பேசி முடிக்கிற வரைக்கும் பல்லு குத்திட்டு இருந்தான். அப்புறம் மெதுவா வந்து, நீ கொஞ்ச நாள் உன் கடையிலயே இருந்துக்கோயேங்கறான். அதையும் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லல, வாசல்ல கிடந்த செருப்பப் பாத்துச் சொன்னான். நான் என்ன கால்லயா விழப்போறேன்? துணிய மூட்டை கட்டிக்கிட்டு வந்துட்டேன். வந்த கொஞ்ச நாள்லயே பாத்தா, தள்ளிப் போயிருக்கு.

சொல்லாம இருப்பேனா? போன் பண்ணிச் சொன்னேன். எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டான். அப்புறம் சொல்றான், தங்குச்சுன்னா சொல்லுன்னு. தங்குச்சுன்னா சொல்லு! ஏண்டா, இதென்ன லாரியில வர்ற சரக்கா, வந்து இறங்கினா சொல்றதுக்கு? அன்னைக்கு நான் கத்துன கத்துல இந்தத் தெரு நாய் ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் வரல.

அதுக்கப்புறம் மாசா மாசம் ஸ்கேன் எடுக்கிற இடத்துக்கு எதுத்தாப்ல வந்து நிப்பான். உள்ள வர மாட்டான். நான் வெளிய வந்தா வயித்தப் பாப்பான், சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்காம போயிடுவான். போன வாரம் நர்ஸ்கிட்ட ஆபரேசன் தேதிய விசாரிச்சிட்டுப் போயிருக்கான். ஆபரேசனுக்கு ரத்தம் ஏற்பாடு பண்ணணுமேன்னு அவ கேட்டதும், வேலை இருக்குன்னு நழுவிட்டானாம். ஆம்பளையாம் ஆம்பளை.

எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. அந்த பாட்டில எடுங்க, தண்ணி குடிங்க.

நீங்க கதவு வாங்க வரலன்னு எனக்குத் தெரியும்க்கா. கதவு வாங்க வர்றவங்க கீல் ஆடுதான்னு தொட்டுப் பாப்பாங்க, பலகையத் தட்டிப் பாப்பாங்க, கரையான் இருக்கான்னு மோந்துகூட பாப்பாங்க. நீங்க வந்ததுல இருந்து என்னைத்தான் தட்டிப் பாத்துட்டு இருக்கீங்க. பொண்ணப் பெத்தவங்க, என் வீட்டுக்காரனுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி விசாரிக்கத்தான் செய்வீங்க. அதுல தப்பில்ல. அவளுக்குப் பிள்ளையே பிறக்காது, அவளே ஓடிட்டா, எல்லாம் வெட்டி விட்டாச்சுன்னு சொல்லியிருப்பான். அதானே? வெட்டியும் விடல, ஒட்டியும் வைக்கல. கோர்ட்டு எந்தப் பக்கம் இருக்குன்னுகூட அவனுக்குத் தெரியாது.

அழாதீங்க. உங்க மேல எனக்கென்ன கோவம்? அவன் மேலயே கோவமில்ல, கோவப்படற அளவுக்கு அவன் ஒரு ஆளே இல்ல. அவனத் திருப்பிக் குடுங்கன்னும் நான் கேக்கல. இங்க உளுத்துப்போன பலகைக்குக்கூட ஒரு மூலை வச்சிருக்கேன், அவன வைக்க இடமில்ல.

கல்யாணம் எப்ப வச்சிருக்கீங்க? அடுத்த மாசக் கடைசியிலயா? பேசி முடிச்சே நாலு மாசம் ஆச்சுங்கறீங்க. அப்புறம் எதுக்கு இவ்ளோ தூரம் இழுத்தாங்கன்னு நீங்க கேக்கலயா? என்ன சொன்னா மாமியாக்காரி? பெயின்டா? வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும்னா?

நான் ஸ்கேனுக்குப் போறப்ப ஆட்டோ அந்த வீட்டுத் தெரு வழியாத்தான் போகும். பெயின்ட் அடிச்சு எப்பவோ காஞ்சாச்சுக்கா. எனக்கு ஆபரேசன் அடுத்த மாசம் நடுவுல. இது உசுரோட வெளிய வந்தா, உங்க பொண்ணு வேணாம்னுடுவான். வரலன்னாத்தான் கல்யாணம்.