சம்பந்தி பார்த்த கருநாரை

பறவை பார்க்கப் போகிறவர்கள் பளிச்சென்ற நிறத்தில் உடுத்தக் கூடாது. எத்தனை முறை சொல்லியும் என் சம்பந்தி கேட்டதில்லை. அன்றைக்கும் மஞ்சள் மழைச்சட்டையில்தான் வந்தார். உங்கள் ஆட்களுக்கு ஆற்றில் தேட அது வசதியாக இருந்ததாம். அந்தச் சட்டையால் அப்படி ஒரு பயன் இருந்ததை நான் மறுக்கவில்லை, இன்ஸ்பெக்டர்.

முதலில் எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இலையுதிர் காலத்தில் ஞாயிறுதோறும் காலையில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடப்போம். நான், பேக்கரிக்காரர், தபால் ஆபீஸ் அம்மாள், போன வருஷம் சேர்ந்துகொண்ட என் சம்பந்தி பல் டாக்டர், அதாவது என் மகளின் மாமனார். குழுவை ஆரம்பித்தவன் நான் என்பதால் விதிகளும் என்னுடையவை. ஒருவர் மட்டும் பார்த்தது செல்லாது. இரண்டு பேர் பார்த்தால்தான் பறவை. நான் முஷ்டியை உயர்த்தினால் எல்லாரும் நின்ற இடத்திலேயே வாய்மூடி நிற்க வேண்டும். பைனாகுலரைக் கண்ணில் வைத்தபின் இறக்கக் கூடாது. காலை எங்கே வைப்பது என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார், பைனாகுலர்காரர் அப்படியே வைப்பார். குழு என்றால் நம்பிக்கை வேண்டும்.

போன வருஷம் அக்கரைப் பட்டமரத்தில் ஒரு கருநாரையைப் பார்த்தேன். தெற்கே போகும் வழியில் இந்தப் பருவத்தில் மட்டும், அதுவும் அபூர்வமாகத்தான் நம் பக்கம் இறங்கும். கறுத்த உடல், சிவந்த அலகு, இம்மியும் அசையவில்லை. சம்பந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனுஷர் பைனாகுலரைக்கூடத் தூக்கவில்லை.

"சம்பந்தி, அது குடை. காத்துல பறந்துபோய் மாட்டிக்கிட்டிருக்கு."

பேக்கரிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். தபால் ஆபீஸ் அம்மாள் நாகரிகமானவர், இருமுவதுபோல் சிரித்தார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று ஊரில் பாதிப் பேருக்குச் சொன்னவன் நான்தான். அந்த வாரமே கடைக்கு வந்த ஒருவர், "குடையும் விக்கிறீங்களாமே?" என்றார். என் பிறந்தநாளுக்குச் சம்பந்தி நீளமாக ஒரு பரிசு கொண்டுவந்தார். காகிதத்தைப் பிரித்தால் உள்ளே என்ன இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். மாப்பிள்ளை கைதட்டினார். மகளும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்கு வலித்தது.

"விடுங்களேன், குடையாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் என் மனைவி. "ஒரு தடவை உங்க கண்ணைக் காட்டிட்டுத்தான் வாங்களேன்."

யாரிடம் காட்டுவது? இந்த ஊரில் கண் பார்ப்பவன் நான் ஒருவன்தான். பார்த்துக்கொண்டேன். கடையில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை தடுமாறாமல் சொன்னேன். தினமும் பார்க்கிற பலகை, எப்படித் தடுமாறும்?

ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பல் டாக்டர் அதைக் கவனிக்கவில்லை.

இந்த வருஷம் நாரை அதே கிளைக்கு வந்தது. பழிவாங்கும் எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது. அவர் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற இருவரையும் பாதை வளைவில் நிற்கச் சொன்னேன். அங்கிருந்து பார்த்தால் என் கை தெரியும், கரை தெரியாது. சம்பந்தியை மட்டும் ஆற்றோரம் அழைத்துப் போனேன். மழைக்குப் பிறகு அந்தக் கரையை ஆறு அடியில் அரித்து வைத்திருந்தது. மேலே புல்லும் உதிர்ந்த இலையும் மெத்தையாகக் கிடந்தன. எனக்குத் தெரியும், முந்தின நாளே கம்பால் குத்திப் பார்த்திருந்தேன். பாதையைச் சோதிப்பது தலைவனின் பொறுப்பு. முஷ்டியை உயர்த்தினேன்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க சம்பந்தி. கிளை மறைக்குது."

"இந்த வருஷம் குடைக்குக் கால் முளைச்சிருக்கான்னு பாத்துடுவோம்" என்றார், பைனாகுலரை இறக்காமல். அன்று அவர் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இன்னும் ஒரே ஒரு அடி."

வைத்தார். கரை சரிந்தது.

"சம்பந்தி, கையைக் குடுங்க, கை" என்று தண்ணீரிலிருந்து கத்தினார். என் கை மேலே இருந்தது. இறக்கினால் மற்ற இருவரும் ஓடி வருவார்கள், நாரை பறந்துவிடும். பேக்கரிக்காரர் வளைவிலிருந்து, "என்ன சார் சத்தம்?" என்று மெல்லக் கேட்டார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அடங்கிவிட்டார். நல்ல குழு. கொஞ்ச நேரத்தில் ஆற்றுப் பக்கமும் அடங்கியது. அதற்குப் பிறகுதான் முஷ்டியை இறக்கினேன்.

நீங்கள் அந்த மரத்திலிருந்து ஒரு கறுப்புக் குடையை இறக்கிவந்து இந்த மேஜைமேல் போட்டிருக்கிறீர்கள். கைப்பிடி சிவப்பு என்கிறீர்கள். இருக்கட்டும். குடை மாட்டிய கிளையில் நாரை உட்காரக் கூடாதா என்ன? மகள் என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். விஷயம் தெளிவானதும் வருவாள்.

ஆகவே, கரையில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். கையைக் கொடுக்காதவனும் நானே. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: விழும்போது சம்பந்தி வாயைப் பிளந்தார், கண்கள் அகல விரிந்தன. கருநாரையை முதன்முதலாகப் பார்க்கிற எவருக்கும் முகம் அப்படித்தான் ஆகும். பார்த்தவர்கள் இருவர். இனி அது பறவைதான்.

எழுதியாயிற்றா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எந்த இடத்தில் என்று மட்டும் விரலை வைத்துக் காட்டுங்கள். இத்தனை ஜன்னல் வைத்தும் உங்கள் அறையில் வெளிச்சம் போதவில்லை.