பட்டியல் எழுதியவன் பேசுகிறேன்

அவையை ஆளும் கண்டிப்பும், கைமணி அடிக்கும் கனிவும் ஒருங்கே வாய்த்த தலைவர் அவர்களே! முதுகு வலியை மறைத்து முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்பதைப் பிள்ளை பிறக்கும் முன்பே முடிவு செய்துவிட்ட தாய்மார்களே! பின்வரிசையில் கடத்தி வரப்பட்டவர்கள் போல் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

நம் பெற்றோர் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் 'வளமான வாய்ப்புள்ள படிப்புகள்' கையேடு உங்கள் எல்லார் மடியிலும் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக அதைத் தொகுப்பவன் நான். எப்படித் தொகுத்தேன்? ஊர் ஊராக அலைந்தேனா? உலகச் சந்தையை அளந்தேனா? இல்லை. முதல் ஆண்டு, தேநீர் இடைவேளையில், உறுப்பினர்கள் நால்வரிடம் "உங்க பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டேன். நான்கு பதிலையும் வரிசையாக எழுதினேன். அடுத்த எட்டு ஆண்டும் அட்டையில் ஆண்டை மட்டும் மாற்றினேன்.

சிரிக்காதீர்கள். பட்டியலில் முதலிடம் பிடித்த படிப்பைப் படித்து முடித்தவர்தான் இதோ, இந்த மண்டபத்தின் ஒலிபெருக்கிக்காரர். என் குரல் தெளிவாகக் கேட்கிறதல்லவா? இது அவருக்குப் பிடித்த வேலை!

போன வாரம் என் பட்டியல் என் வீட்டுக்கே வந்தது. பூச்சிகளைப் பற்றிப் படிக்கப்போவதாக என் மகள் சொன்னாள். என் மனைவி கையேட்டை எடுத்து மேசைமேல் போட்டார்.

"இதுல பூச்சி எங்கடி இருக்கு, காட்டு!"

"புத்தகத்துல இல்லைன்னா உலகத்துலயே இல்லாம போயிடுமாம்மா?"

"எழுதினதே உங்கப்பாதான்டி! அவரைவிட உனக்கு அதிகமாத் தெரியுமோ?"

மகள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்கப்பா. யாரைக் கேட்டு எழுதினீங்க?"

நான் செய்தித்தாளை விரித்துப் பிடித்தேன். "அது நேத்து பேப்பர்ப்பா" என்றாள்.

அவள் கல்லூரி விண்ணப்பத்தில் என் பட்டியலின் முதல் படிப்பை நிரப்பி, என் முன் வைத்துவிட்டுப் போனாள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கீழ்ப்படிந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

என்ன கேட்கிறீர்கள் அண்ணே? "அப்ப பிழைப்புக்கு என்ன பண்ணுவா?" என்றா? நியாயமான கேள்வி. எனக்குத் தெரியாது. ஆனால் என் பட்டியலுக்கும் தெரியாது! எங்கே போகும் என்று எவருக்கும் தெரியாத பாதையில் பிள்ளையை ஏன் பிடித்துத் தள்ள வேண்டும்? அவள் விரும்பிய பாதையில் அவளே நடக்கட்டுமே!

தலைவர் மணி அடிக்கிறார். அடியுங்கள் ஐயா! ஒன்பது ஆண்டுகள் வாய் மூடியிருந்தவன், ஒரு மணியோசைக்கு அடங்கமாட்டேன். இந்தக் கையேட்டுக்குப் பத்தாம் பதிப்பு கிடையாது!

இதோ, என் சட்டைப்பையில் புதிய விண்ணப்பம். கீழே என் கையெழுத்து மட்டும் இருக்கிறது. படிப்பின் பெயர் எழுதும் கட்டம் காலி. தூணோரம் உட்கார்ந்திருக்கும் மகளே, எழுந்து வா. உன் அம்மா முறைப்பது எனக்கும் தெரிகிறது. வீட்டுக்குப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். இன்றுதான் கடைசி நாள். கல்லூரி அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும், இப்போது நாலேகால். பேனா என்னுடையது. எழுத்து உன்னுடையதாக இருக்கட்டும்!

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுமையிழந்து கேட்டவர்களுக்கும் நன்றி. மிச்ச வணக்கத்தை நடந்துகொண்டே சொல்கிறேன். கொஞ்சம் வழிவிடுங்கள்!