பூநாரை பார்க்கப் போன அகதிகள்

சிமியோன்: தறப்பாள் கயித்தை இழுடா ரட்ணம்! இழுக்கச் சொன்னா தடவிக்கொண்டு நிக்கிறாய்.

ரட்ணம்: இழுத்தா உன்ரை பக்கம் விழுது.

சிமியோன்: விழாது. நான் சாரணர் இயக்கத்திலை இருந்தவன்.

ரட்ணம்: ரெண்டு கிழமை இருந்தனீ. பேந்து கலைச்சுவிட்டவை.

சிமியோன்: கலைக்கேல்லை. நானா வந்தனான்... உந்தத் தடியை அங்காலை ஊண்டு. ஓம், அப்பிடித்தான். இப்ப பார், கூடார வாசல் நேரா கடலேரிக்கு. விடியக் கண்ணை முழிச்சா பூநாரை. படுத்தபடியே பாக்கலாம்.

ரட்ணம்: காத்தும் அந்தப் பக்கத்தாலைதான் வருது.

சிமியோன்: வரட்டுமன். சுற்றுலா எண்டா காத்து வேணும்.

ரட்ணம்: வழியெல்லாம் உன்ரை மோட்டச்சைக்கிளின்ரை மண்ணெண்ணெய்ப் புகைதான் தின்னக் கிடைச்சது. அச்சுவேலியிலை ஒருக்கா நிண்டுது. நெல்லியடியிலை ஒருக்கா நிண்டுது...

சிமியோன்: அது நிக்கேல்லை. களைப்பாறினது. பருத்தித்துறையிலை வடைக்கு நிப்பாட்டச் சொன்னது நீயெல்லே?

ரட்ணம்: நாலுபேர் வாறம் எண்டனீ.

சிமியோன்: தேவராசாவுக்கு வயித்தாலை அடிக்குதாம். செபமாலை அண்ணையை அவற்றை மனுசி வர விடேல்லை.

ரட்ணம்: நாலுபேர் எண்டபடியாத்தான் நான் வெளிக்கிட்டனான்.

சிமியோன்: அதுக்குத்தானே அப்பிடிச் சொன்னனான். நீயும் நானும் எண்டா வந்திருப்பியே? ஒரு வரியமாப் பாக்கிறன். படிப்பிக்கப் போறாய், வாறாய், கதவைச் சாத்துறாய். உன்ரை மனுசி பெர்னடெட் செத்தது எண்டு இன்னும் உன்ரை வாயாலை ஒரு சொல்லு வரேல்லை, ரட்ணம். ஒரு சொல்லு...

ரட்ணம்: கயிறு அவிழுது. பிடி.

சிமியோன்: சரி, சரி. பிடிச்சிட்டன்.

அற்புதராணி: ஆரது? தம்பிமார்! எங்கையிருந்து வாறியள்?

சிமியோன்: குருநகர் அக்கா.

அற்புதராணி: குருநகரோ! மாதாவே... ஆமிக்காரர் திரும்பவும் குண்டு அடிச்சுப்போட்டாங்களோ? சமாதானம் வந்திட்டுது எண்டெல்லே சனம் கதைக்குது.

சிமியோன்: இல்லையக்கா, நாங்கள்...

அற்புதராணி: சொல்லவேண்டாம் தம்பி. நீலத் தறப்பாளைக் கண்ட உடனையே அகதியள் எண்டு எனக்கு விளங்கீட்டுது. உடுப்புகள் ஏதும் எடுத்தனியளோ?

சிமியோன்: ஆளுக்கு ரெண்டு சாரம். ஆனா அக்கா...

அற்புதராணி: ரெண்டு சாரமோ! ஓடுற அவதியிலை வேறை என்னத்தை எடுக்கிறது? சாப்பிட்டியளோ?

சிமியோன்: வடை...

அற்புதராணி: வடை! கேக்கவே வயிறு பத்துது. மனுசிமார் எங்கை?

சிமியோன்: நான் இன்னும் கலியாணம் கட்டேல்லை.

அற்புதராணி: மற்றத் தம்பி? விரலிலை மோதிரம் கிடக்குது.

ரட்ணம்: அவ... நாளைக்கு வாறா.

அற்புதராணி: தனியவோ?

ரட்ணம்: ஓம். பஸ்சிலை. பருத்தித்துறையாலை வருவா. பெர்னடெட் எண்டு பேர்.

அற்புதராணி: வடிவான பேர். பயப்பிடாதையுங்கோ, இது எங்கடை ஊர். நீங்கள் நிக்கிறது எங்கடை காணி. இருங்கோ, புட்டு அவிச்சுக்கொண்டு வாறன்.

சிமியோன்: அக்கா! அக்கா... போயிட்டா. டேய் ரட்ணம்.

ரட்ணம்: கதையாதை.

சிமியோன்: என்னடா சொன்னனீ?

ரட்ணம்: வாயிலை வந்திட்டுது.

சிமியோன்: நாளைக்கு வாறா எண்டு...

ரட்ணம்: கேக்க நல்லாத்தான் இருந்தது, சிமியோன்.

சிமியோன்: ...ஓடிப்போய்ச் சொல்லிப்போட்டு வாறன். நாங்கள் குருவி பாக்க வந்த ஆக்கள் எண்டு. பாவம், இருக்கிற மாவை எல்லே குழைக்கப் போறா.

ரட்ணம்: அதைச் சொன்னா மற்றதையும் சொல்லவேணும்.

சிமியோன்: ஓம். சொல்லத்தான் வேணும்.

ரட்ணம்: நாளைக்குச் சொல்லுவம்.

சிமியோன்: நீ சொல்லுவாய்?

ரட்ணம்: நான்தான் சொல்லவேணும்.

*

அற்புதராணி: புட்டுக் கோப்பையை நீட்டுங்கோ தம்பி. வெக்கப்படுறதே? இறால் என்ரை மனுசன் பின்னேரம் பிடிச்சது. இன்னும் ரெண்டு போடுறன்.

சிமியோன்: காணுமக்கா, காணும்... ம்ம்... சரி, ஒண்டு.

அற்புதராணி: இந்தாங்கோ பாய். வாசலை என்ன தம்பி காத்துக்கு நேரை வைச்சிருக்கிறியள்? முதல் தரமோ ஓடுறியள்? காத்துக்கு முதுகைக் குடுக்கவேணும். பிடியுங்கோ, திருப்புவம்.

சிமியோன்: ஐயோ அக்கா, பூநா... சரி, திருப்புங்கோ.

அற்புதராணி: விடிய இவர் ஓலை வெட்டிக்கொண்டு வருவார். இந்த மூலையிலை ஒரு கொட்டில் போட்டுத்தாறம். எத்தினை வரியமெண்டாலும் இருங்கோ. அந்தச் சவுக்கு மரம் வரைக்கும் எங்கடைதான்.

சிமியோன்: பெரிய காணிதான் அக்கா.

அற்புதராணி: பின்னை! தம்பி, இது பெர்னடெட்டுக்கு. என்ரை சீலைதான், ஒருக்காத்தான் உடுத்தனான். பொம்பிளைப்பிள்ளை மாத்த ஒண்டுமில்லாமல் வந்து நிக்கும்.

ரட்ணம்: இல்லையக்கா...

அற்புதராணி: பிடியும் எண்டுறன்.

*

சிமியோன்: எழும்படா! வெளியிலை வா. பின்பக்கத்தாலை வா, வாசல் இப்ப காட்டுப் பக்கம்.

ரட்ணம்: எங்கை?

சிமியோன்: அந்தா... தண்ணிக்கு மேலை. சிவப்பா.

ரட்ணம்: எத்தினை?

சிமியோன்: எண்ணாதை. பார்.

ரட்ணம்: அந்தத் தனிய நிக்கிறதைப் பார். ஒரு காலை மடிச்சுக்கொண்டு... பிரசங்கத்தை மறந்த சுவாமியார் மாதிரி.

சிமியோன்: ஹஹ்... டேய், நீ சிரிச்சனீ.

ரட்ணம்: இல்லை.

சிமியோன்: பல்லுத் தெரிஞ்சுது. மாதாவாணை, தெரிஞ்சுது!

ரட்ணம்: கத்தாதை, பறக்கப்போகுது... சிமியோன், ஓலை வண்டில் வருது.

சிமியோன்: ஐயோ. அக்கா முன்னுக்கு நடந்து வாறா. தேத்தண்ணியும் கையிலை.

ரட்ணம்: நீ பேசாமல் நில்.

அற்புதராணி: எழும்பீட்டியளோ? கட்டக் கயிறு இருக்கோ? இவர் கேக்கிறார்.

ரட்ணம்: அக்கா, ஓலையை இறக்கவேண்டாம். நாங்கள் ஓடி வந்த ஆக்கள் இல்லை.

அற்புதராணி: பின்னை?

ரட்ணம்: பூநாரை பாக்க வந்தனாங்கள்.

அற்புதராணி: என்னது?

சிமியோன்: உந்தக் குருவி அக்கா. தண்ணிக்குள்ளை நிக்குதே...

அற்புதராணி: உதைப் பாக்கவோ? குருநகரிலையிருந்து? இந்த விலையிலை மண்ணெண்ணெய் எரிச்சுக்கொண்டு?

சிமியோன்: ஓம்.

அற்புதராணி: வீடு இருக்கோ?

சிமியோன்: இருக்கு. ஓடு கொஞ்சம் இல்லை.

அற்புதராணி: வீட்டை விட்டிட்டு, ஆசைப்பட்டு வந்து தறப்பாளுக்குள்ளை படுத்தனியளோ? விசரோ தம்பி உங்களுக்கு!

சிமியோன்: அம்மாவும் அப்பிடித்தான் கேட்டவ.

ரட்ணம்: அக்கா, இந்தாங்கோ சீலை.

அற்புதராணி: அது பெர்னடெட்டுக்கெல்லே. குருவி பாக்க வந்தாலும் மாத்தத் தேவைதானே.

ரட்ணம்: அவ வரமாட்டா.

அற்புதராணி: பஸ் இல்லையோ?

ரட்ணம்: பஸ் இருக்கு. அவ... அவ...

சிமியோன்: அக்கா, நான் சொல்லுறன்...

ரட்ணம்: பொறு. நான் சொல்லுறன். அவ செத்துப்போனா அக்கா. போன மாசியிலை. காய்ச்சல். மருந்து கிடைக்கேல்லை. பெர்னடெட் செத்துப்போனா. வாறா எண்டு நேற்றுச் சொன்னது பொய். பொய்யைச் சொல்லி உங்கடை இறாலையும் திண்டிட்டம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

அற்புதராணி: மன்னிப்பு என்னத்துக்குத் தம்பி... நானும் பொய்தான் சொன்னனான். இது எங்கடை ஊருமில்லை, காணியுமில்லை. நாங்கள் மயிலிட்டி ஆக்கள். தொண்ணூறிலை ஓடி வந்தது. சவுக்குக்கு அங்காலை எங்களுக்கும் உந்த நீலத் தறப்பாள்தான். அஞ்சு வரியமா ஆரும் போட்டதை வாங்கித் திண்ட கை இது. நேற்றுத்தான் ஒருத்தருக்குப் போடக் கிடைச்சது... சீலையைத் தாரும், வாங்கிறன். இண்டைக்கும் புட்டு அவிச்சிட்டன், அதைத் திருப்பி வாங்கமாட்டன். ரெண்டுபேரும் இருந்து திண்டிட்டுப் போங்கோ.