காந்தம் கழற்றிய பெட்டி

தங்கை: அண்ணே, பெட்டிய ஆட்டாத!

அண்ணன்: நான் எங்க ஆட்டினேன்? சும்மா தூக்கிப் பார்த்தேன். உள்ள ஏதோ உருளுற சத்தம் கேக்குதே…

தங்கை: ஒண்ணும் உருளல. கீழ வை. நீ இப்ப எதையும் தூக்கக் கூடாது.

அண்ணன்: போன வாரம் மாடிப்படியில மயங்கி விழுந்தேனே, அதையே இன்னும் பிடிச்சுத் தொங்கறியா? வெறும் பித்தம்மா. டாக்டரே சொல்லிட்டார்.

தங்கை: ம்…

அண்ணன்: நாளைக்குப் போட்டி. ரயில்ல பெட்டி என் மடியிலதான் வரும். எத்தனை வருஷமா அப்படித்தானே? நகரு, திறந்து பார்க்கறேன்.

தங்கை: வேண்டாம்ணே. அழகா அடுக்கி வச்சிருக்கேன், கலைச்சிடாத.

அண்ணன்: இது என்ன… பஞ்சு? விரலத்தனை பொம்மை வீரனுக்கு மெத்தை போட்டிருக்கியா? ஏய், குதிரைக்காரன் சாஞ்சு கிடக்கறான். தகரத்துல ஒட்டலையே!

தங்கை: தகரம் துருப்பிடிச்சிருக்கும்.

அண்ணன்: துருப்பிடிச்சா காந்தம் ஒட்டாதா? யார் காதுல பூ சுத்தற? எடு அவனை… அடியில காந்தத்தையே காணோம். காஞ்ச பசை மட்டும்தான் இருக்கு. இவனுக்கும் இல்ல… இவனுக்கும்… குட்டிம்மா, யாரு பேத்தெடுத்தது?

தங்கை: நான்தான்.

அண்ணன்: உனக்கென்ன பைத்தியமா? ஒவ்வொருத்தன் காலுக்கடியிலயும் காந்தம் ஒட்டி, பெட்டிக்கு உள்ள தகரம் அடிச்சு… முதல்ல நான் அலுமினியத் தகடு வாங்கிட்டு வந்து, ஒருத்தனும் ஒட்டாம எல்லாரும் சரிஞ்சு விழ, நீ விழுந்து விழுந்து சிரிச்சியே!

தங்கை: இப்ப அதெல்லாம் எதுக்கு?

அண்ணன்: அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது ஈட்டி முறியாம போய்ச் சேர்ந்திருக்கோமா? எதிராளி மேஜையில போர் ஆட்டத்துக்குத் தன் படையை நிறுத்திட்டுக் காத்திருப்பான். நாம மூலையில உக்காந்து முறிஞ்சதை ஒட்டிக்கிட்டிருப்போம். மறந்துட்டியா?

தங்கை: மறக்கல.

அண்ணன்: அப்ப காந்தத்தை எடு. ரெண்டு பேரும் உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள ஒட்டிடலாம்.

தங்கை: வீட்டுல இல்ல. குடுத்துட்டேன்.

அண்ணன்: யாருக்கு?

தங்கை: யாருக்கோ. விடேன்.

அண்ணன்: என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம…

தங்கை: நீ எல்லாத்தையும் என்கிட்ட கேட்டுத்தான் செய்யறியா? டாக்டர் வேற என்ன சொன்னார்?

அண்ணன்: அதான் சொன்னேனே, பித்தம்னு…

தங்கை: பொய் சொல்லாதண்ணே.

அண்ணன்: யாரு பொய் சொன்னா?

தங்கை: போட்டிக்குப் பேர் குடுக்கறப்ப எப்பவும் என் நம்பரைத்தான் குடுப்ப. பழக்க தோஷத்துல ஆஸ்பத்திரியிலயும் அதையே குடுத்துட்டு வந்திருக்க. எனக்கு போன் பண்ணி, “உங்க அண்ணன் நெஞ்சுல பேஸ்மேக்கர் கருவி வச்சுக்க எப்ப வராரு”ன்னு கேக்கறாங்க. நான் திருதிருன்னு முழிக்கறேன்.

அண்ணன்: அட கடவுளே… உங்க அண்ணிக்குத் தெரியுமா?

தங்கை: இன்னும் சொல்லல. துடிப்பு விட்டு விட்டு வருதாமே? தள்ளிப்போட்டா, அடுத்த தடவை விழுந்தா எந்திரிக்கறது சந்தேகமாமே? இதையெல்லாம் கேட்டுக்கிட்டா மாட்டேன்னுட்டு வந்த?

அண்ணன்: மாட்டேன்னு சொல்லல. அப்புறம் பார்க்கலாம்னேன்.

தங்கை: ஏன்?

அண்ணன்: சொன்னா சிரிக்கக் கூடாது.

தங்கை: சிரிக்கற நிலைமையிலயா இருக்கேன்?

அண்ணன்: அதை வச்சுட்டா நெஞ்சுக்குப் பக்கத்துல காந்தம் வரக் கூடாதாம். இந்தப் பெட்டிய நான் நெஞ்சோட அணைச்சுத்தானே… ஆடறது நீ. சாயம் பூசறது நீ. எனக்கு ஆட்டத்தோட விதியே பாதி புரியாது. பெட்டி தூக்கறவன்தான் நான். அதுவும் போச்சுன்னா… உன்கூட நான் எதுக்கு?

தங்கை: லூசாண்ணே நீ? பெட்டி தூக்கவா உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன்? நீ பின்னாடி நின்னாத்தான் எனக்குக் கை நடுங்காது.

அண்ணன்: இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

தங்கை: சொன்னா தலைக்கனம் ஏறிடும்னு…

அண்ணன்: அழாத. ஏய்… அழாதன்னேன்ல. சரி, நாளைக்கு ஒரே ஒரு போட்டி. முடிச்சுட்டு வந்து படுத்துக்கறேன். சத்தியமா.

தங்கை: நாளைக்கு நமக்குப் போட்டி இல்லண்ணே. பேரை வாபஸ் வாங்கிட்டேன்.

அண்ணன்: என்னது! அப்ப விடிஞ்சதும் கிளம்பி நில்லுன்னு சொன்னது?

தங்கை: ஆஸ்பத்திரிக்கு. உனக்குக் கட்டில் சொல்லி வச்சாச்சு. அண்ணிகிட்ட இன்னிக்கு நீயே சொல்லிடு.

அண்ணன்: அடிப்பாவி… அப்புறம் இந்தப் பெட்டிய எதுக்கு மாங்கு மாங்குன்னு அடுக்கிக்கிட்டிருக்க?

தங்கை: நீ கண்ணு முழிக்கறப்ப இவனுங்க எல்லாரும் உன் பக்கத்துல நிக்கணும்… காந்தத்தோட உன் கட்டில் கிட்ட கொண்டுவர முடியாதேண்ணே.