வடிகட்டியாக ஒரு தீவு

ஒரு நாட்டுக்குள் நோய் நுழையாமலிருக்க இன்னொரு நாட்டை வடிகட்டியாக்குவது முறையா? கொரோனாவின் இரண்டாம் ஆண்டில், ஜெர்சி சிட்டியிலிருந்து மன்ஹாட்டன் செல்லும் ரயிலில் இக்கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது. அப்போது இந்தியாவிலிருந்து நேராக அமெரிக்கா வரத் தடை இருந்தது. வேறொரு நாட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டு வரலாம். முகக்கவசம் அணிந்த தமிழர் இருவர் என் அருகே நின்று பேசிக்கொண்டிருந்தனர்.

“ஒய்ஃப் இன்னும் சென்னையிலயா மச்சான்?” என்றார் உயரமானவர்.

“மாலத்தீவுல, ஹனிமூன் காட்டேஜ்ல தனியா இருக்கா. அதுதான்டா காலியா இருந்துச்சு,” என்றார் கணவர்.

“அங்க கொரோனா இல்லையா?”

“அங்கதான் இப்ப ஏறுது.”

“அப்ப சென்னையில நல்லா இருந்தா வரக் கூடாது, மாலத்தீவுல போய் ஒட்டிக்கிட்டு வந்தா ஓகேவா?”

“ரூல் அப்படித்தான். நாளைக்கு ஃப்ளைட் புக் பண்ணியிருந்தேன். நேத்து, சாப்பாடு கொண்டுவர்ற ஆளுக்கு பாசிட்டிவ். இவளையும் ரூம விட்டு வெளிய வரக் கூடாதுன்னுட்டாங்க. இந்த மாசத்துக்குள்ள வரலன்னா அவ வேலை போயிரும், விசாவும் போயிரும்.”

“அந்த ஆளு?”

“அவர் ஊர்த் தீவே லாக்டவுன். ரிசார்ட்டுக்கு வந்தவங்கதான் கொண்டுவந்தாங்கன்னு சொல்றாங்களாம்.”

“பின்ன, சுறாவா கொண்டுவந்துச்சு?”

கணவர் சிரிக்கவில்லை. “இதுல எங்கம்மா வேற, புருஷன் இல்லாம எதுக்கு ஹனிமூன் காட்டேஜ்னு கேக்குறாங்க.”

என் மனைவிக்கும் மாலத்தீவில் அறை பதிவு செய்திருந்தேன். அன்று மாலை அதை ரத்து செய்தேன். தடை நீங்கும்வரை அவள் மதுரையிலேயே இருந்தாள்.