ஜும்ஆவுக்கு நிறுத்திய பம்பு

தேத்தண்ணிக்கு நன்றி, சேர். சீனி கொஞ்சம் கூட, பரவாயில்லை.

நான் பள்ளிவாசலுக்கு அடுத்த வளவில் வள்ளம் கட்டுகிறவன். பாங்கு கேட்டால் எங்கள் பக்கத்தில் எல்லா இயந்திரமும் வாயை மூடும். வாப்பா காலத்து மரியாதை அது. பழைய முறையில் அதனால் ஒரு குறையும் வரவில்லை. பிசினைத் தூரிகையால் பூசுகிறவர்கள் தூரிகையை வைத்துவிட்டுத் தொழப் போவார்கள், வந்து மிச்சத்தைப் பூசுவார்கள்.

நான் கொண்டுவந்தது புதுமுறை. கண்ணாடி நார்த்துணியைக் காய்ந்தபடியே அச்சுக்குள் விரித்து, மேலே பொலித்தீன் மூடி, பம்பினால் காற்றை உறிஞ்ச வேண்டும். தண்ணீர் போன்ற பிளாஸ்டிக் திரவம் ஓடிவந்து நாரெல்லாம் ஊறி இறுகிவிடும். இறுகியதைச் சூடாக்கினால் மறுபடி இளகும். உடைந்தாலும் வீணில்லை. கல்முனைக் கரையில் இதை முதலில் செய்தவன் நான்தான் என்று ஊரே கதைத்தது. பாதி ஊர் சிரித்துக்கொண்டு கதைத்தது.

என் தங்கை நஸ்லியாவின் மாப்பிள்ளை காலிதீனுக்கு ஒரு வள்ளம் கட்டினேன். வெள்ளிக்கிழமை, திரவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பள்ளிவாசலில் கொத்பா பிரசங்கம் தொடங்கிவிட்டது. பம்பு இரைந்தது. நிறுத்தினேன். கொத்பாவைவிடப் பம்பு பெரிதா, நீங்களே சொல்லுங்கள். தொழுதுவிட்டு வந்தபோது திரவம் ஓடிய மட்டில் இறுகியிருந்தது. அடிப்பாகத்தில் தலையணை அளவுக்கு நார் நனையாமல் வெள்ளையாகக் கிடந்தது.

"காக்கா, வள்ளத்துக்குத் தேமல் விழுந்திரிக்கி," என்றான் என் வேலையாள் அப்துல் ஸமட்.

"நான் பாத்துக்கிறன். நீ போய்ச் சோத்தத் தின்னு."

பார்த்துக்கொண்டேன். நீலப் பெயின்ட், இரண்டு பூச்சு. வெட்டி எடுத்துத் திருத்தியிருக்கலாம். வெட்டினால் ஊர் பார்க்கும், புதுமுறை அன்றோடு முடிந்துவிடும். திருத்தியாயிற்றா என்று மறுநாள் ஸமட் கேட்டான். ஓம் என்றேன். அதை நம்பித்தான் காலிதீனோடு அவனும் கடலுக்குப் போனான்.

முதல் பயணத்திலேயே காலிதீன் போன் எடுத்தான். "மச்சான், அடியால தண்ணி ஊறுது. திரும்பட்டா?"

கரையில் வலை இழுக்கிறவர்கள் நிறைந்து நின்றார்கள். வள்ளம் திரும்பினால் கவிழ்த்துப் பார்ப்பார்கள்.

"புது வள்ளம்டா, கொஞ்சம் ஊறத்தான் செய்யும். தண்ணிய இறைச்சு ஊத்திட்டு வலையப் போடு."

"கவுந்தா ஒன்ட தலையிலதான்," என்று சிரித்தான். பின்னால் ஸமட்டின் குரலும் கேட்டது: "காக்கா பாத்துத் தந்த வள்ளம், ஒண்டும் செய்யா."

நான் சொன்னது பொறுமையைத்தான், சேர். அது மார்க்கத்தில் உள்ளது.

இரண்டு பேரும் கிடைக்கவில்லை. வள்ளத்தின் அடித்துண்டு ஒன்று பெரியநீலாவணையில் ஒதுங்கியது. நீலம் உரிந்து வெள்ளை தெரிந்தது. ஆட்கள் கூடுமுன் ஏற்றிவந்து, சூடாக்கி, அழுத்தினேன். இளகிய பிளாஸ்டிக் அந்த வெள்ளைக்குள்ளும் இறங்கி நிறைந்தது. நல்ல பலகையாக வந்தது. இறந்தவர்களின் மையித்தைக் கிடத்திக் குளிப்பாட்டப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தேன். நன்மை அவர்கள் இருவருக்கும் போய்ச் சேரட்டும் என்று நிய்யத்தும் வைத்தேன்.

பக்கத்து வீட்டு மையித்தைக் குளிப்பாட்டப் போன நஸ்லியா, பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த நீலத்தைக் கண்டுவிட்டாள். வள்ளத்துக்கு அந்த நிறத்தைத் தெரிவுசெய்தவளே அவள்தான். "காக்கா, இது எங்கட வள்ளமெல்லா?" என்று கேட்டாள். பிறகுதான் பொலிஸில் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். அவள்மீது எனக்குக் கோபமில்லை.

அவ்வளவு நல்ல பலகையில் காலிதீனையும் ஸமட்டையும் கிடத்திக் குளிப்பாட்டக் கிடைக்கவில்லையே என்பதுதான், சேர், இந்த விஷயத்தில் எனக்குள்ள ஒரே மனக்குறை.