இரும்பு நாரைக்குப் புதிய விதிகள்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். அமெரிக்காவின் வட கோடியில், பெரிய ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் டுலூத்தில் குளிர்காலம் நீளம். பன்னிரண்டு வருடமாகச் சனிக்கிழமை மதியங்களில் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து உலகத்தைக் காப்பாற்றினோம். ஆளுக்கொரு அதிசக்தி நாயகன். பகடை உருட்டி, காகிதத்தில் கணக்குப் போட்டு ஆடும் கதை விளையாட்டு. ஆட்டத்தை நடத்துபவன் நான். வில்லன்கள் எல்லாரும் என் ஆட்கள்.

எங்களோடு ஆட வரும் வெண்டெலின் நாயகன் 'இரும்பு நாரை'. வெண்டெலுக்குத் திக்கும், தன் பெயரைச் சொல்லவே அரை நிமிடம் ஆகும். பழைய விதிகளில் பேச்சுக்கு வேலை இல்லை, எண்கள்தாம். வேகம், தூரம், வலிமை எல்லாவற்றையும் மனத்துக்குள்ளேயே பெருக்கி, நான் மூன்று வாரம் யோசித்துச் செய்த வில்லனை ஒரே வீச்சில் கவிழ்த்துவிடுவான். என் மனைவி மார்லிஸ் மேசையைத் தட்டிச் சிரிப்பாள்.

"கோர்டன், உன் ஆளு மறுபடியும் காலி. போய் வேற ஆளப் புடிச்சிட்டு வா."

என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. அதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போன இலையுதிர்காலத்தில் கடையில் வேறொரு விதிப் புத்தகம் வாங்கி ஆட்டத்தை அதற்கு மாற்றினேன். பத்து வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு நாயகனையும் நானே மாற்றி எழுதினேன். புதிய முறையில் எண்கள் குறைவு. நாயகன் சொல்வதை ஆடுபவர் வாய்விட்டுப் பேச வேண்டும். நன்றாகப் பேசினால் கூடுதல் பகடை. எல்லாருக்கும் ஒரே விதி.

முதல் வாரம் வெண்டெல், "நி... நி..." என்று நின்றுவிட்டான். அவசரப்படுத்த வேண்டாம் என்று மற்றவர்களுக்கு நானே கை காட்டினேன். சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் போயிற்று.

அடுத்த வாரம், பேச வேண்டியதையெல்லாம் சிறு அட்டைகளில் எழுதிக்கொண்டு வந்தான். பழகிய வரிகளைப் படிக்கும்போது அவனுக்கு அவ்வளவாகத் திக்காது. இரும்பு நாரை முதல்முறையாகப் பேசியது. மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்துப் படிக்கக் கூடாதுடா," என்றேன். "விதியிலயே இருக்கு."

"ச... சரி."

அட்டைகளை வரிசையாக அடுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு வரவில்லை. "அவனக் கூப்பிட்டியா?" என்று மார்லிஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டேன் என்று சொன்னேன்.

மார்ச் மாதம் உறைந்த ஏரியின் பனிக்கட்டிமேல் தனியாக நடந்து போனான். அது எந்த இடத்தில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று எங்கள் எல்லாரையும்விட அவனுக்கே நன்றாகத் தெரியும். போலீஸார் விபத்து என்று எழுதினார்கள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தில் காப்பி கொடுத்தபோது அவன் அக்கா ஜோலீன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் கோர்டனா? உங்க வீட்டுக்கு மட்டுந்தாங்க அவன் போவான். உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்."

நல்ல பையன் என்று சொன்னேன்.

அந்த விதியைப் பற்றி நீங்கள் கேட்டால் சொல்கிறேன். நான் வாங்கியது நூற்றெண்பது பக்கப் புத்தகம். பார்த்துப் படிக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும். கடையில் ஏழெட்டு விதிப் புத்தகங்கள் இருந்தன. வெண்டெலால் ஆட முடியாதது எது என்று பார்த்துத்தான் எடுத்தேன்.

மார்லிஸ் இப்போது அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள். மீதி மூன்று பேரைக் கேட்டுப் பாருங்கள், ஆட்டம் முன்னைவிட விறுவிறுப்பாகத்தான் போகிறது.